பதியாத ஒப்பந்தத்தின் சுமை யார் தலையில்? தமிழ்நாடு வாடகைச் சட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி முதல் தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவு வேறொரு சட்டத்தின் கீழ் வந்தது. அதுவரை நடைமுறையில் இருந்த 1960ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, சட்டமன்றம் 2017இல் நிறைவேற்றிய உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. புதிய சட்டம் எல்லாவற்றையும் ஒரே ஒரு ஏற்பாட்டின் மேல் நிறுத்தியிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் வழியாகவே நடக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகி, பதிவு எண் பெற வேண்டும். சட்டம் தரும் பாதுகாப்புகள் அதற்குப் பிறகே உறுதியாகக் கைக்கு வருகின்றன. ஒப்பந்தம் எழுதுவதா, பதிவதா என்று முடிவு செய்யும் வலிமை நடைமுறையில் உரிமையாளரிடம் இருக்க, எழுதாமலும் பதியாமலும் போனதால் வரும் இழப்பின் பெரும்பகுதி குடியிருப்பவரைச் சேர்கிறது என்பதே இந்தச் சட்டத்தின் ஆகப் பெரிய குறை. அந்தக் குறை எப்படி உருவானது, எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

பழைய சட்டத்தின் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. போர்க்கால நெருக்கடியில் சென்னை மாகாண அரசு 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. போர் முடிந்த பிறகும் வீட்டுத் தட்டுப்பாடு தீராததால் 1946இலும் 1949இலும் அது சட்ட வடிவம் பெற்று, கடைசியில் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு இருந்த காரணங்களை அந்தச் சட்டம் எண்ணி வரையறுத்தது. வேண்டுமென்றே வாடகை கட்டாமல் இருப்பது, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டும் தேவை போன்ற சிலவற்றைத் தவிர வேறு காரணம் சொல்லி யாரையும் வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. சென்னையில் இந்த வழக்குகள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடந்தன.

அந்த நீதிமன்றத்தின் நடைமுறை நுணுக்கங்களை இன்றைய தலைமுறை மறந்துகொண்டிருக்கிறது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், குடியிருப்பவர் முதலில் தொகையைச் செலுத்த வேண்டிய வங்கியின் பெயரைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மணியார்டரில் வாடகையை அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பி வந்தால்தான் 8(5) பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் தொகையைக் கட்ட அனுமதி கேட்க முடியும். இந்தப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டவர், மாதந்தோறும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவராகவே இருந்தாலும், வாடகை கட்டாதவராகக் கருதப்படும் ஆபத்து இருந்தது. நியாய வாடகை நிர்ணயமும் இதே போல் கணக்குகள் நிறைந்தது. நிலத்தின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடும் மற்றக் கட்டடங்களுக்கு 12 விழுக்காடும் வாடகையாகக் கணக்கிடப்பட்டது. இரு தரப்பும் ஆளுக்கொரு பொறியாளரின் அறிக்கையைத் தாக்கல் செய்து, சுவர் எந்த வகைச் செங்கல், தரை எந்த வகைத் தளம் என்று வாதிட்ட வழக்குகள் ஏராளம்.

ஆகவே வாடகையை ஒரு பழைய தேதியில் உறையவைத்த மும்பைச் சட்டத்தோடு சென்னைச் சட்டத்தை ஒன்றாகப் பேசுவது சரியல்ல. 1947ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப்போட்டது. அந்த உறைநிலை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் சொன்ன பிறகே அங்கு 1999இல் புதிய சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வாடகை ஏறுவதற்கு வழி இருந்தது. அந்த வழி நீளமானது என்பதுதான் சிக்கல். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கட்டும் குடியிருப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1986இல் ரத்து செய்தபோது, விலைவாசி உயர உயர அந்த வரம்பு பொருளற்றதாகிவிட்டதும் வெளிப்பட்டது.

பழைய சட்டத்தால் உரிமையாளர்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சேமிப்பு முழுவதையும் போட்டு மேல் மாடியைக் கட்டி, அதன் வாடகையில் முதுமையைக் கழிக்கலாம் என்று நம்பியவர்கள், தம் மகனுக்கோ மகளுக்கோ அந்த வீடு தேவைப்பட்டபோது வழக்கு, மேல்முறையீடு, சீராய்வு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். பூட்டிப் போட்டாலும் பரவாயில்லை, வாடகைக்கு விட மாட்டேன் என்ற மனநிலை அப்படித்தான் பிறந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவை எல்லாவற்றுக்கும் வாடகைச் சட்டமே காரணம் என்று சொல்வது மிகை. முதலீட்டுக்காக வாங்கி வைத்த வீடுகளும் அதில் அடக்கம். ஆனாலும் இந்த எண்ணிக்கையே புதிய சட்டத்துக்கான முதன்மை வாதமாக முன்வைக்கப்பட்டது. ஒன்றிய அரசு 2015இல் மாதிரி வாடகைச் சட்ட வரைவைத் தயாரித்தது. அனைவருக்கும் வீடு திட்டத்தின் கீழ் மாநிலங்கள் தம் வாடகைச் சட்டங்களைச் சீர்திருத்த வேண்டும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது. அந்த வரைவை ஒட்டிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாதிரிச் சட்டத்தின் இறுதி வடிவத்துக்கே ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2ஆம் தேதிதான் ஒப்புதல் அளித்தது.

புதிய சட்டம் வாடகைத் தொகையில் தலையிடுவதை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே வாடகை. 9 விழுக்காட்டுக் கணக்கு முடிந்துபோனது. அதற்கு மாற்றாகச் சில ஒழுங்குகளை அது கொண்டுவந்தது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கும். காலி செய்ய வைக்கும் நோக்கத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரி உடனடியாக இடைக்கால ஆணையிடலாம். வீட்டைப் பார்வையிட வருவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும். படித்துப் பார்க்கும் எவருக்கும் இவை நல்ல விதிகளாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகின்றன. நடைமுறையில் இவை எங்கே நழுவுகின்றன என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்பது நல்லது.

சென்னைப் புறநகரில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை ஒரு குடும்பம் எடுப்பதாகக் கொள்வோம். தரகர் முதல் நாளே அட்வான்ஸ் பத்து மாதம் என்று சொல்லிவிடுவார்; அதாவது 1,50,000 ரூபாய். புதிய சட்டத்தின் மூன்று மாத வரம்பின்படி அது 45,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய சட்டத்தின்படியோ 15,000 ரூபாய்தான். சென்னை பத்து மாத வழக்கத்தைப் பழைய சட்டம் இருந்த காலத்திலேயே பழகிக்கொண்டது என்பது வருத்தத்துக்குரிய உண்மை. புதிய சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர என்ற விலக்கோடுதான் தன் வரம்பைச் சொல்கிறது. வீடு தேடி அலைந்து களைத்த குடும்பம் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது, இப்படிப்பட்ட விலக்கு விதியையே விழுங்கிவிடும்.

ஒப்பந்தம் என்று ஒன்று எழுதப்பட்டால், அது பெரும்பாலும் 11 மாதத்துக்கு, முத்திரைத்தாளில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் அதற்குக் கீழே நின்றுகொள்ளும் பழக்கம் அது. புதிய வாடகைச் சட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது தெரியாமல், 11 மாதம் போட்டால் பதிய வேண்டியதில்லை என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள்.

மின் கட்டணமும் இப்படித்தான். 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே இணைப்பிலிருந்து பல குடித்தனங்களுக்குத் துணை மீட்டர் வைத்துப் பிரித்துக்கொடுக்கும் வீடுகளில், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வசூலிக்கப்படுகிறது. அரசு தரும் சலுகை குடியிருப்பவரை எட்டாமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. காலி செய்யும் நாளில் கடைசிக் கணக்கு ஒன்று வரும். பெயின்ட் அடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸ் தரப்படும். பராமரிப்புப் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. குழாயின் வாஷரை மாற்றுவது, சுவிட்சைப் பழுது பார்ப்பது, உடைந்த கண்ணாடியை மாற்றுவது போன்றவையே குடியிருப்பவரின் வேலை. இந்த அட்டவணையை ஒருமுறை படித்திருந்தால் கேட்டிருக்கக் கூடிய கேள்வியைக் கேட்காமலே பல குடும்பங்கள் அந்த ஒரு மாத வாடகையை விட்டுவிட்டுப் போகின்றன.

சரி, அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டு, ஒப்பந்தத்தை வாடகைப் பதிவுக்கான அரசு இணையதளத்தில் பதியலாமா என்று கேட்கிறது என்றே வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நமக்குள்ள நம்பிக்கைதானே" என்பது அடிக்கடி கிடைக்கும் பதில். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் வருமான வரி பற்றிய அச்சம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கட்டும் ஊழியர் வீட்டு வாடகைப் படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரிவிலக்குக் கேட்டால், உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாதக் கணக்கில் அது 8,333 ரூபாய்தான் என்பதால் நகரத்தின் சாதாரண வீடுகள்கூட இதற்குள் வந்துவிடும். எச்.ஆர்.ஏ. காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் வீடு என்று நிபந்தனை போடும் உரிமையாளர்கள் இருக்கும் ஊரில், ஒப்பந்தத்தை அரசுத் தளத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்பவர் அந்த வீட்டை இழப்பார். அடுத்த வீட்டிலும் அதே பதிலைக் கேட்பார். எல்லா உரிமையாளர்களும் வரி ஏய்ப்பவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. சொத்து வரி உயருமோ, பதிந்துவிட்டால் காலி செய்ய வைப்பது கடினமாகுமோ என்ற தெளிவற்ற அச்சத்தால் தயங்குபவர்களும் நிறையப் பேர். இரண்டாவது அச்சம் உண்மைக்கு நேர் எதிரானது. பதிந்த உரிமையாளருக்குப் புதிய சட்டம் பழையதைவிட விரைவான வழியையே தருகிறது.

மறுப்பு வந்த பிறகு சட்டம் என்ன செய்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் முன்பே தொடங்கிய குடித்தனங்களுக்குச் சட்டம் தொடக்கத்தில் 90 நாள் கெடு கொடுத்தது. அது பிறகு நீட்டிக்கப்பட்டது. கெடுவுக்குள் உரிமையாளரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் எழுதத் தவறினால், அதுவே 21(2) பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் வெளியேற்றத்துக்குக் காரணம் ஆகிறது. யார் தவறினார்கள் என்று அந்த வாசகம் கேட்கவில்லை. பல ஆண்டுகளாக ஒரு நாளும் வாடகை தவறாத ஒருவர், ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்து, உரிமையாளர் கேட்ட மும்மடங்கு வாடகையை ஏற்க மறுத்ததால் ஒப்பந்தம் நடக்கவில்லை என்றாலும், வாசகத்தின் கண்ணில் அது ஒப்பந்தம் எழுதத் தவறியதே. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை இரு தரப்புக்கும் சமமாகத் தரப்பட்டிருக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. குடியிருக்கும் வீட்டை விட்டுப் போகும் உரிமை குடியிருப்பவருக்கு எந்தச் சட்டமும் இல்லாமலே இருக்கிறது. அதைத் தந்துவிட்டுச் சமநிலை என்று சொல்வதை ஏற்க முடியாது.

புதிய குடித்தனங்களின் நிலை வேறு வகையில் கடினமானது. பின்னர் சேர்க்கப்பட்ட 4ஏ பிரிவின்படி, பதிய வேண்டிய ஒப்பந்தம் பதியப்படாவிட்டால் அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது. விதி இருவருக்கும் பொதுவானதுதான். ஆனால் உரிமையாளரிடம் பட்டா, பத்திரம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு என்று தன் உரிமையைக் காட்டும் ஆவணங்கள் அடுக்காக இருக்கின்றன. 1,50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்த குடும்பத்திடம் இருப்பது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வேறு தடயமே கிடையாது. எழுதப்படாத, பதியப்படாத குடித்தனங்கள் குறித்து எந்த மன்றத்தில், எந்தப் பிரிவின் கீழ் போவது என்பதே சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று விவாதிக்கப்பட வேண்டியதாயிற்று. வழக்கறிஞர் வைத்து இந்தக் கேள்விகளோடு போராடும் அளவுக்கு ஒரு மாதச் சம்பளக்காரரிடம் பணமோ காலமோ இருப்பதில்லை. அட்வான்சில் ஒரு பகுதியைத் தியாகம் செய்துவிட்டு நகர்வதே மலிவான தீர்வாகிவிடுகிறது.

பதிவைக் கட்டாயமாக்கும்போது அதன் விளைவை எந்தத் தரப்பின் மேல் வைக்க வேண்டும் என்பதற்கு வேல்ஸ் நாட்டு அனுபவம் நல்ல ஒப்பீடு. அங்கு 2014ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் ஒவ்வொரு தனியார் உரிமையாளரும் தம்மையும் தம் வாடகை வீட்டையும் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. பதியாத உரிமையாளர், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் நோட்டீசைக் கொடுக்க முடியாது என்பதே அதற்கு வைத்த பிடி. இங்கிலாந்தில் 2007 முதல், வாங்கிய முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் உரிய காலத்துக்குள் சேர்க்காத உரிமையாளருக்கு அதே நோட்டீஸ் மறுக்கப்பட்டதோடு, முன்பணத்தின் மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்க நேரும் நிலையும் உருவாக்கப்பட்டது. ஆவணத்தை உருவாக்கும் வலிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அதை உருவாக்காததன் இழப்பையும் வைப்பது அங்கு பின்பற்றப்பட்ட முறை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இந்தத் திசை தலைகீழாக இருக்கிறது.

இணையத்தில் பதிவது மக்களுக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால்தான் பதிவுகள் குறைவு என்ற விளக்கத்தையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்டவர்கள் வேளச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் ஆணையிடப்பட்டது. புகைப்படம், சொந்த ஊர் முகவரி, வேலை பார்க்கும் இடம் என்று எல்லா விவரங்களையும் உரிமையாளர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். தங்களுக்கு ஆபத்து என்று சொல்லப்பட்டபோது படிவம் நிரப்புவது ஒரு தடையாக இருக்கவில்லை.

சட்டம் வாய் திறக்காத இடம் இன்னொன்றும் உண்டு. சாதி, மதம், உணவுப் பழக்கம், திருமணம் ஆகாதவர், தனித்து வாழும் பெண் என்று காரணம் சொல்லி வீடு மறுக்கப்படுவதைப் பற்றி இதில் ஒரு பிரிவுகூட இல்லை. கடை, உணவகம், கிணறு போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் அரசமைப்பின் 15(2) பிரிவு தனியார் வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. பலகையில் எழுதாமல், தொலைபேசியில் ஊரும் பெயரும் கேட்டு முடித்துவிடும் இந்த மறுப்பால், தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே தரமுள்ள வீட்டுக்குக் கூடுதலாக அலைய வேண்டியிருக்கிறது. அப்படி அலைந்து கிடைத்த வீட்டில் ஒப்பந்தத்தைப் பதியச் சொல்லி வற்புறுத்தும் நிலையில் அவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொடுமை. சட்டத்தின் பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுபவரே அதன் வாசலில் நிற்க அஞ்சுகிறார்.

ஒரே அறையில் பலராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி இன்னும் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் 29ஆம் தேதி ஒன்றிய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லவும் கூடாது என்று ஆணையிட்டது. வாடகை ரசீதோ ஒப்பந்தமோ இல்லாதவர் தான் இன்ன அறையில் இன்ன வாடகைக்கு இருந்தேன் என்பதை எதைக் காட்டி நிறுவுவார் என்ற கேள்விக்கு அந்த ஆணையில் விடை இல்லை. வாடகைப் பதிவேடு உயிரோடு இருக்கும் மாநிலத்தில் அப்படியோர் ஆணையை வீடு வீடாக நடைமுறைப்படுத்தியிருக்க முடியும்.

திருத்த வேண்டியவை சட்டத்தின் உடலில் சில வரிகள்தான். 21(2) பிரிவின் முதல் உட்பிரிவைக் காட்டி வெளியேற்றம் கேட்கும் உரிமையாளர், நியாயமான நிபந்தனைகளோடு எழுத்தில் ஒப்பந்தத்துக்கு அழைத்ததையும் அது மறுக்கப்பட்டதையும் நிறுவ வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பதிவு எண் இல்லாத உரிமையாளரின் வெளியேற்ற மனு, அது எந்தக் காரணத்தின் கீழ் வந்தாலும், பதிவு முடியும் வரை நிறுத்தி வைக்கப்பட வேண்டும். 4ஏ பிரிவின் சாட்சியத் தடை, அட்வான்ஸ் தொகையைத் திரும்பக் கேட்டு வாடகைதாரர் போடும் மனுவுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளிக்க வேண்டும். மூன்று மாத வரம்பிலிருந்து ஒப்பந்த விலக்கை, குடியிருப்புகளைப் பொறுத்தவரையாவது, நீக்க வேண்டும். உரிமையாளரின் கையெழுத்து இல்லாமலே, வங்கியில் வாடகை செலுத்திய கணக்கையும் மின் கட்டண ரசீதையும் இணைத்து வாடகைதாரர் தனியாக விண்ணப்பித்தால், வாடகை அதிகாரி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, பதில் வராத நிலையில் தற்காலிகப் பதிவு எண் வழங்கும் ஏற்பாட்டையும் விதிகளில் சேர்க்கலாம். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய தளமோ தேவையில்லை. இருக்கும் இணையதளத்தில் இன்னொரு விண்ணப்பப் படிவமும், துணை ஆட்சியர் அலுவலகத்தில் அதைக் கவனிக்க ஓர் ஊழியரும் போதும்.